அடுக்களைக் கடிகாரமும் ஓர் இண்டிகேட்டரும்

எங்கள் வீட்டில் அப்போது இரண்டு கடிகாரங்கள் இருந்தன. முன்னறையில் மாட்டியிருந்தது நம் ஊர் நேரத்தைக் காட்டும். அடுக்களையில் இருந்தது மஸ்கட் நேரத்தைக் காட்டும். அதாவது ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடும். என் கணவர் அங்கே ஒரு கம்பெனியின் ஸ்டோரில் வேலை பார்த்தார். அவர் எழுந்திருப்பாரா, சாப்பிட்டிருப்பாரா, டூட்டி முடிந்து அறைக்கு வந்திருப்பாரா என்று அடுப்பு வேலையோடு வேலையாகத் தெரிந்துகொள்ள எனக்கு அது வேண்டியிருந்தது. மனதுக்குள் கழித்துப் பார்த்தால் போதாதா என்று கேட்டவர்கள் உண்டு. நான் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்தவள், கழித்தல் தெரியாதவள் அல்ல. புருஷனை நினைக்கும்போதெல்லாம் கணக்குப் போட எனக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

மகள் அதை ‘அப்பா மணி’ என்பாள். அப்பா மணி ஏழு ஆனால் போன் வரும். மூன்றாம் வகுப்பில் கடிகாரம் பார்க்கச் சொல்லிக்கொடுத்த அன்று, ஒரு வீட்டுக்கு ஒரே நேரம்தான் என்று சொன்ன டீச்சரோடு சண்டை போட்டுவிட்டு வந்தாள். சண்டை போடுகிற குணம் என்னிடமிருந்து அவளுக்குப் போனது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அதுவும் யாராவது ஒரு வேலையைத் தப்பாகச் செய்துவிட்டு, சரியாகத்தான் செய்தேன் என்று நின்றால் கேட்கவே வேண்டாம்.

கருங்கல் சந்தைக்குப் பக்கத்தில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் நான் ஆறு வருஷம் புரோகிராமிங் சொல்லிக்கொடுத்தேன். மகள் பிறந்தபின் வேலையை விட்டேன். வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்த வருஷம் கணவர் போனில் ஒரு சந்தேகம் கேட்டார். அவருடைய அறைக்காரர்கள் இரண்டு பேர் பங்குச் சந்தையில் ஈடுபட்டிருந்தார்கள். அவர்களைப் பார்த்து இவருக்கும் ஆர்வம் வந்திருந்தது. விலையை நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது, டூட்டி இருக்கிறது. நமக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் பார்க்கிற மாதிரி ஒரு புரோகிராம் எழுத முடியுமா என்பது அவருடைய கேள்வி.

எனக்குச் சந்தையைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. அவர் சொல்லச் சொல்லத் தெரிந்துகொண்டேன். ஒரு பங்கின் விலை சார்ட்டில் கோடாக ஓடும். அந்த விலையை வைத்து நாமே ஒரு கணக்குப் போட்டு, விடையை அதே சார்ட்டில் இன்னொரு கோடாக வரைந்தால் அது இண்டிகேட்டர். கோடு மேலே திரும்பினால் வாங்கு, கீழே திரும்பினால் விற்றுவிடு என்று முடிவையும் கம்ப்யூட்டரிடமே ஒப்படைத்தால் அது ஸ்ட்ராட்டஜி. அதைப் பழைய மாதங்களின் விலையில் ஓட்டி, அப்போது இப்படிச் செய்திருந்தால் லாபமா நஷ்டமா என்று பார்ப்பது பேக்டெஸ்ட். அவருக்குச் சந்தை தெரியும், எனக்குப் புரோகிராம் தெரியும். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து செய்த முதல் வேலை அதுதான். மற்றதெல்லாம் ஒருவர் செய்வதும் மற்றவர் போனில் கேட்டுக்கொள்வதுமாகத்தான் நடந்திருந்தது.

ஏழு மணி போன் மெல்ல மெல்ல நீண்டது. முன்பெல்லாம் மழை பெய்ததா, பிள்ளை சாப்பிட்டாளா, ரப்பருக்கு என்ன விலை என்பதோடு முடிந்துவிடும். இப்போது விலைக்கு இருபது நாள் ஆவரேஜ் எடுப்பதா, ஐம்பது நாள் ஆவரேஜா என்று சண்டை போட்டோம். எனக்கு அந்தச் சண்டைகள் ரொம்பப் பிடித்திருந்தன. போனை வைத்த பிறகும் மனதுக்குள் பதில் சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவுவேன்.

எழுதியதை நாலு பேரிடம் காட்டினால் என்ன என்று இணையத்தில் தமிழில் பேசிக்கொள்ளும் ஒரு குழுவில் சேர்ந்தேன். சந்தையில் இருப்பவர்கள் தாங்கள் எழுதிய இண்டிகேட்டர்களைப் பகிர்ந்துகொள்ளும் இடம். சனிக்கிழமைதோறும் நான் ஒரு குறிப்பு எழுதுவேன். ஒரு நிமிடம் முடியும் முன்பே அந்த நிமிடத்தின் உச்ச விலையை எடுத்துக் கணக்குப் போடாதீர்கள், அது இன்னும் மாறும். தரகுக் கூலியைக் கழிக்காமல் லாபம் என்று குதிக்காதீர்கள். புரோகிராம் எங்கே வாங்குகிறதோ அங்கே சார்ட்டில் ஓர் அம்புக்குறி போட்டு முதலில் கண்ணால் பாருங்கள், தொகையைப் பிறகு பார்க்கலாம். இப்படி. பெயர் போடாமல் எழுதியதால் எல்லோரும் என்னை ‘சார்’ என்றார்கள். நானும் திருத்தவில்லை. கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் புரோகிராமில் எல்லாவற்றுக்கும் ஏ, ஏஏ, ஏஏஏ என்றே பெயர் வைத்திருந்தார். அடுத்த மாதம் உமக்கே இது புரியாது என்று திட்டினேன். அடுத்த மாதம் அதைப் புரியவைக்கச் சொல்லி என்னிடமே வந்தார்.

அந்த வருஷங்களில் கரண்ட் எப்போது போகும் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நான் வீட்டுக் கம்ப்யூட்டரில் சந்தை மொத்தமும் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் இண்டெக்ஸின் விலையை நிமிடத்துக்கு நிமிடம் சேகரித்துக்கொண்டிருந்தேன். கரண்ட் போனால் டேட்டாவில் ஓட்டை விழும். இரண்டு டேட்டாக்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டும்போது, ஒன்றில் இருக்கிற நிமிடம் இன்னொன்றில் இருக்காது. புரோகிராம் பாதியில் நின்றுவிடும். அதற்கு ஒரு வழி கண்டுபிடித்து குழுவில் எழுதினேன். எந்த நிமிடத்துக்கு விலை இல்லையோ அங்கே முந்தின நிமிடத்தின் விலையை நிரப்பு. கூடுதலாக நிற்கிற வரிகளைத் தள்ளிவிடு. பத்து வரிப் புரோகிராம். நிறையப் பேர் நன்றி சொன்னார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறியது.

பிறகுதான் அந்த ஸ்ட்ராட்டஜி வந்தது. யோசனை என் கணவருடையது. ஒரு பெரிய வங்கியின் பங்கு முதலில் நகர்கிறது, இண்டெக்ஸ் அதன் பின்னால் போகிறது என்று அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அப்படியானால் வங்கிப் பங்கைப் பார்த்து இண்டெக்ஸை வாங்கலாம், விற்கலாம். இண்டெக்ஸ் டேட்டா என்னிடம் எட்டு மாதத்துக்கு இருந்தது. வங்கிப் பங்கின் டேட்டா பெரிய கோப்பு, எங்கள் வீட்டு இணைப்பில் இறங்காது. அவர் மஸ்கட்டில் ஸ்டோர்க் கம்ப்யூட்டரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் இறக்கி, துண்டு துண்டாக எனக்கு மெயிலில் அனுப்பினார். நான் ஒட்டுப்போட்டு, என் பத்து வரிப் புரோகிராமை வைத்து இரண்டையும் சேர்த்து, பேக்டெஸ்ட் ஓட்டினேன்.

எட்டு மாதத்தில் ஒரு மாதம்கூட நஷ்டம் இல்லை. முதலில் நான் நம்பவில்லை. தரகுக் கூலியைக் கழித்தேன். இரண்டு மடங்காகக் கழித்தேன். அப்படியும் லாபம் நின்றது. அம்புக்குறி போட்டுப் பார்த்தேன். இண்டெக்ஸ் ஏறப்போகும் இடத்திலெல்லாம் அம்பு மேலே பார்த்து நின்றது. அப்பா மணி ஏழுக்கு அவரிடம் சொன்னேன். அவருடைய சம்பளம் அளவுக்கு மாதாமாதம் இதில் வருமா என்று கேட்டார். வரும் என்றேன்.

அவர் போய்ப் பதினொரு வருஷம் ஆகியிருந்தது. மகள் பிறந்தபிறகு அவர் வந்து நின்ற விடுமுறைகளை எல்லாம் கூட்டினாலும் ஒரு வருஷம் தேறாது. அவள் நடந்ததையும் பல் விழுந்ததையும் போனில் கேட்டவர் அவர். பேக்டெஸ்டுக்கு ஒரு வாரம் கழித்து, வேலையை விடுகிறேன், கடிதம் எழுதிவிட்டேன், அடுத்த சனிக்கிழமை கொடுக்கப்போகிறேன் என்றார். அங்கே வெள்ளி விடுமுறை, சனிக்கிழமை ஆபீஸ் திறக்கும். வீட்டில் உட்கார்ந்து புரோகிராமை ஓட்டுவோம், நான் மார்க்கெட்டைப் பார்க்கிறேன், நீ புரோகிராமைப் பார் என்றார். மகளிடம் போனைக் கொடுக்கச் சொல்லி, கிறிஸ்துமஸுக்கு வந்தால் பிறகு போகமாட்டேன் என்று அவளிடமும் சொல்லிவிட்டார். அந்த ஞாயிறு சண்டே ஸ்கூலில் அவள் இதைச் சொல்லாத பிள்ளை இல்லை. ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது நான்கைந்து பெண்கள் என் கையைப் பிடித்துச் சந்தோஷப்பட்டார்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். நடுவில் பத்து நாள் பணம் போடாமல் சும்மா நேரடிச் சந்தையில் அதை ஓட்டிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. பத்து நாளை வைத்து என்ன சொல்ல முடியும், சந்தை என்றால் நாலு நாள் அப்படி இப்படித்தான் இருக்கும் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். இதையே குழுவில் வேறு யாராவது சொல்லியிருந்தால் உரித்து எடுத்திருப்பேன்.

புரோகிராமைக் குழுவிலும் போட்டிருந்தேன். பெருமையை அடக்க முடியவில்லை. அதை எடுத்து ஓட்டியவர்களில் ஒருவர் அஞ்சுகிராமத்துக்காரர், அங்கே உரக்கடை வைத்திருந்தார். என் சனிக்கிழமைக் குறிப்புகளைப் படித்தே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டவர். இரண்டு டேட்டாவையும் தன் கடைக் கம்ப்யூட்டரிலேயே சேகரித்து வைத்திருந்தார். எனக்கு லாபம் வரவில்லை சார், தப்பு என்னுடையதாகத்தான் இருக்கும், எங்கே என்று சொல்லுங்கள் என்று எழுதினார். முதலில் உம்முடைய டேட்டாவைச் சுத்தம் செய்யும், பிறகு பேசலாம் என்று பதில் போட்டேன். சுத்தம் செய்துவிட்டு வந்தார். மறுபடியும் திட்டினேன். நான்கு முறை இப்படி நடந்தது. கடைசியில் போன் நம்பர் கேட்டு வாங்கிப் பேசினார். பெண்குரலைக் கேட்டதும் கொஞ்சம் திகைத்து, அதன்பின் ‘டீச்சர்’ என்று மாற்றிக்கொண்டார். வியாழக்கிழமை கருங்கல்லில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம் இருக்கிறது, சாப்பாடு முடிந்து வீட்டுக்கு வரலாமா, டேட்டாவை சிடியில் கொண்டுவருகிறேன் என்று கேட்டார். வரச்சொன்னேன். அவருடைய தப்பை அவர் முகத்துக்கு நேரே காட்டிவிடலாம் என்று எனக்கு ஓர் ஆசை.

அந்த வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை. மூன்று மணிக்கு அவரும் அவர் மனைவியும் குடையை மடக்கிக்கொண்டு வந்தார்கள். சிடியைக் கல்யாணக் கார்டுக்குள் வைத்து, சட்டைக்குள் மறைத்துக் கொண்டுவந்திருந்தார். நான் பால் விடாமல் கட்டன்சாயா போட்டுக்கொடுத்தேன். அவருடைய மனைவி பட்டுச்சேலை நனைந்துவிட்டதே என்ற கவலையில், முந்தானையை விரித்து உலர்த்தியபடி அடுக்களை வாசல் பக்கம் ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார்.

அவருடைய டேட்டாவை என் கம்ப்யூட்டரில் ஓட்டினேன். லாபம் இல்லை. என்னுடையதை ஓட்டினேன். லாபம். ஒரே புரோகிராம், ஒரே மாதங்கள். அவர் தயங்கித் தயங்கி, வங்கிப் பங்கின் கோட்டையும் கீழே வரைந்து பார்க்கலாமா என்று கேட்டார். இத்தனை நாளும் நான் இண்டெக்ஸையும் அம்புக்குறிகளையும் மட்டும்தான் வரைந்து பார்த்திருந்தேன். வரைந்தேன். அவருடைய டேட்டாவில் அந்தக் கோடு மூன்றரை மணிவரைக்கும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. என்னுடையதில் ஒவ்வொரு நாளும் இரண்டு மணியோடு படுத்துவிட்டது. அதற்குமேல் தரையில் இழுத்துவிட்ட கயிறு மாதிரி நேராகக் கிடந்தது. இரண்டு மணிக்குச் சற்று முன்னால், எத்தனை பங்கு கைமாறியது என்று காட்டும் கட்டைகள் மட்டும் உயரமாக நின்றன.

“சந்தை மூடப்போற நேரத்துலதான டீச்சர் இப்படிக் கூட்டம் வரும்?” என்றார் அவர். “இது ரெண்டு மணிக்குல்லா வருது.”

டேட்டாவில் ஓட்டை விழுந்திருக்கும், என் புரோகிராம் முந்தின விலையை நிரப்பியிருக்கும் என்றேன். எட்டு மாதமும் தினமும் இரண்டு மணிக்கா ஓட்டை விழும் என்று அவர் கேட்கவில்லை. மரியாதைக்காரர். சும்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போது அவருடைய மனைவி முந்தானையை உதறிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

“டீச்சர், ஒங்க அடுக்களைக் கடியாரம் நின்னு போச்சி போலுக்கு. மணி மூணரை ஆவுது, அதுல ரெண்டுதான் காட்டுது.”

நிற்கவில்லை, அது என் வீட்டுக்காரருடைய ஊர் மணி என்று வழக்கம்போலச் சொன்னேன். எத்தனையோ விருந்தாளிகளிடம் சொல்லிப் பழகிய பதில் அது. சொல்லி முடித்தபின்தான் என் காதில் விழுந்தது. எழுந்துபோய் அடுக்களை வாசலில் நின்று அந்தக் கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு மணி. நம் ஊரில் மூன்றரை, சந்தை மூடும் நேரம்.

என் கணவர் இறக்கிய டேட்டாவில் ஸ்டோர்க் கம்ப்யூட்டர் மஸ்கட் நேரத்தைப் போட்டிருந்தது. அதில் பத்து மணி என்றால் நம் ஊரில் பதினொன்றரை. நான் சேகரித்த இண்டெக்ஸில் பத்து மணி என்றால் நம் ஊர்ப் பத்து. இரண்டையும் நான் ஒரே பத்து மணி என்று நினைத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டேன். பத்து மணிக்கு முடிவெடுக்கும் புரோகிராமுக்கு, பதினொன்றரைக்கு வங்கிப் பங்கு எங்கே நிற்கும் என்று தெரிந்திருக்கிறது. ஒன்றரை மணி நேரம் முன்கூட்டியே தெரிந்தால் எந்த மடையனும் லாபம் பார்ப்பான். பொருந்தாத நிமிடங்கள் எனக்கு உண்மையைச் சொல்லியிருக்கும். அவற்றை நிரப்பியும் தள்ளியும் வாயை அடைத்தது என்னுடைய பத்து வரிப் புரோகிராம். எட்டு வருஷமாகச் சமைக்கும்போதெல்லாம் அந்தக் கடிகாரத்தைப் பார்த்தவள் நான்.

உரக்கடைக்காரருக்கும் புரிந்துவிட்டது. அவர் என்னைக் குத்திக்காட்டவில்லை. யாருக்கும் வரும் டீச்சர், வீட்டுல ரெண்டு ஊரு மணி இருக்கிறவங்களுக்கு ஈசியா வரும் என்று மட்டும் சொன்னார். நான்கு முறை திட்டியதற்கு மன்னிப்புக் கேட்டேன். திட்டினதாலதான் டேட்டாவ நாலுவாட்டி சுத்தம் பண்ணேன் என்று சிரித்தார். அவர்கள் போனபிறகு, வங்கிப் பங்கின் டேட்டாவில் ஒன்றரை மணி நேரத்தைக் கூட்டி மறுபடி ஓட்டினேன். கூலியைக் கழித்தால் நஷ்டம்.

அன்று அப்பா மணி ஏழுக்கு போன் வந்தது. நான் சொல்லவில்லை. கடிதத்தைச் சட்டைப்பையிலேயே வைத்திருக்கிறேன், கசங்கிவிட்டது, சனிக்கிழமை புதிதாக எழுதிக் கொடுக்கவேண்டும் என்று சொல்லிச் சிரித்தார். மகள் போனைப் பிடுங்கி, பள்ளிக்கூடத்தில் விளையாட்டு விழாவுக்கு அப்பா வருவார் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னாள். தலைவலி என்று நான் சீக்கிரம் வைத்துவிட்டேன்.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது பூசி மெழுக விரும்பவில்லை. எனக்கு அவர் வேண்டும். கடிதம் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்க முடியாது, வந்துதான் ஆகவேண்டும். வந்தபிறகு சொல்லிக்கொள்ளலாம். திட்டினால் திட்டட்டும், பக்கத்தில் இருந்து திட்டட்டும். இந்த ஊரில் எத்தனை பேர் வேலை செய்து பிழைக்கவில்லை. இப்படியெல்லாம் யோசித்தேன். ஒரு வார்த்தைகூட நான் பேசவேண்டாம், பேசாமல் இருந்தால் போதும், அவர் வீட்டுக்கு வந்துவிடுவார்.

வெள்ளிக்கிழமை காலை மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, குழுவில் போட்ட புரோகிராமை யாரும் பணம் போட்டு ஓட்டும் முன் தடுக்கவேண்டுமே என்று எழுத உட்கார்ந்தேன். ‘நண்பர்களே, நான் கொடுத்த ஸ்ட்ராட்டஜியில் பெரிய பிழை இருக்கிறது. தயவுசெய்து இதை நம்பி எந்த முடிவும் எடுக்காதீர்கள்’ என்று எழுதிவிட்டுத் திரும்பப் படித்தேன். கோயம்புத்தூர்க்காரருக்கும் முகம் தெரியாத இன்னும் ஐம்பது பேருக்கும் இதைச் சொல்லப்போகிறேன். இதை நம்பி உள்ளதிலேயே பெரிய முடிவை எடுத்தவர் சட்டைப்பையில் கடிதத்தை வைத்துக்கொண்டு இருக்கிறார். அவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. எனக்கே என்னைக் கண்டால் வெறுப்பாக இருந்தது. எழுதியதை அனுப்பாமல் எழுந்தேன்.

நம் வீடுகளில் மிஸ்டு காலுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒன்று கொடுத்தால் நேரம் கிடைக்கும்போது கூப்பிடு என்று அர்த்தம். மூன்று கொடுத்தால் உடனே கூப்பிடவேண்டும். பதினொரு வருஷத்தில் நான் மூன்று கொடுத்தது, அவருடைய அப்பா இறந்த அன்று ஒரு தடவை. இரண்டாவது அன்றைக்கு. அரை நிமிடத்தில் போன் வந்தது. பிள்ளைக்கு என்ன என்றுதான் முதலில் கேட்டார்.

பிள்ளைக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் சொன்னேன். சந்தை மூடும் நேரம், படுத்துக்கிடந்த கோடு, பட்டுச்சேலைக்காரி கேட்ட கேள்வி. திருத்தி ஓட்டியதில் ஒன்றும் நிற்கவில்லை என்பதையும் சொன்னேன். பின்னால் அவருடைய அறையில் குக்கர் விசில் அடித்தது. அவர் போய் அதை அணைத்துவிட்டு வந்தார்.

“நேத்தே தெரிஞ்சுதா?” என்றார்.

“தெரிஞ்சுது. நீங்க வரணும்னு எனக்கு. அதுக்காத்தான் சொல்லல்ல.”

இதைச் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் போனில் அழுகிறவள் இல்லை. காசு போகிறதே என்று வேறு தோன்றும். அன்று அழுதேன். அவர் அழவிட்டார். கடிதத்தைக் கிழிக்கிறேன் என்றோ, பரவாயில்லை என்றோ சொல்லவில்லை. அந்தப் பேக்டெஸ்டை மஸ்கட் மணியில் ஓட்டிவிட்டோம், இனி என்ன செய்வது, பிள்ளையிடம் நானே சொல்கிறேன், நீ சொல்லாதே என்றார். பிறகு அவருக்கே சிரிப்பு வந்தது.

“கம்பெனி கம்ப்யூட்டருல இஞ்சத்த மணிதான் மக்கா கிடக்கும். நான் அத நினைக்கவே இல்ல. எனக்க வாச்சுல எப்பளும் நம்ம ஊரு மணில்லா.”

எந்த வாட்ச் என்று கேட்டேன்.

“கல்யாணத்துக்கு உங்க அப்பா போட்டுத் தந்தது. இஞ்ச வந்து ஒரு நாளும் மாத்தல்ல. டூட்டிக்குப் போவணும்னா ஒண்ணர மணி நேரத்தக் கழிச்சுக்கிடுவேன்.”

பதினொரு வருஷம் எனக்கு இது தெரியாது. விடுமுறைக்கு வரும்போது அந்த வாட்ச் நம் ஊர் நேரத்தில்தான் இருக்கும். விமானத்திலேயே மாற்றியிருப்பார் என்று நினைத்திருந்தேன். அதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது. நான் கழிக்க மனமில்லாமல் ஒரு கடிகாரம் வாங்கி மாட்டினேன். அவர் அங்கே உட்கார்ந்து தினமும் கழித்திருக்கிறார். சோறு குழைந்துவிடப்போகிறது, போய்ச் சாப்பிடுங்கள் என்றேன்.

கடிதம் கொடுக்கவில்லை. அன்று ஏழு மணிக்கு மகளிடம் அவரே சொன்னார். அவள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை, தப்பு என்னுடையது என்று அவளுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. குழுவுக்கு எழுதியதை நான் அன்றே அனுப்பினேன். கடிகாரத்தையும் மறைக்காமல் எழுதினேன். சாருக்கு வீட்டுக்காரர் இருக்கிறாரா என்று குழுவில் ஒரே கலகலப்பு. அதற்குப்பிறகு என் சனிக்கிழமைக் குறிப்பு எதுவானாலும் முதல் வரி ஒன்றாகத்தான் இருக்கும்: உங்கள் டேட்டா எந்த ஊர் மணியில் இருக்கிறது என்று பாருங்கள். துபாயிலிருந்தும் கத்தாரிலிருந்தும் இரண்டு பேர், தங்களுக்கும் இதே கதிதான் என்று எழுதியிருந்தார்கள்.

உரக்கடைக்காரரும் நானும் பிறகு சேர்ந்து ஒரு சாதாரண ஸ்ட்ராட்டஜி எழுதினோம். அது ஆளை வேலையை விடவைக்கிற அளவுக்கெல்லாம் இல்லை. நல்ல மாதத்தில் கரண்ட் பில் கட்டும். கெட்ட மாதத்தில் நாமே கட்டவேண்டும்.

என் கணவர் இன்னும் இரண்டரை வருஷம் மஸ்கட்டில் இருந்தார். ஏழு மணி போனில் பழையபடி சண்டை போட்டோம். கருங்கல்லில் ஒரு வீட்டுச்சாமான் கடையில் கணக்கு வேலைக்கு ஆள் தேவை என்று தெரிந்தபோது, சம்பளம் மூன்றில் ஒரு பங்குதான், வரலாமா என்று கேட்டார். எந்த பேக்டெஸ்டும் ஓட்டாமல் வாங்க என்றேன்.

திருவனந்தபுரத்திலிருந்து காரில் வந்து இறங்கியபோது காலை ஒன்பது மணி. பெட்டியை முன்னறையில் வைத்தார். சாயா குடிக்கிறீர்களா என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குப் போனார். அங்கே மணி ஏழரை. ஐந்தாம் வகுப்பு முடித்திருந்த மகள் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள். சுவரிலிருந்து கடிகாரத்தை இறக்கி, தூசியைச் சட்டையில் துடைத்து, தன் கைவாட்சைப் பார்த்து நேரம் வைத்தார்.